மாமாவுக்கு ஒரு இ-பாஸ்

"ஊட்டிக்கு எதற்காக வருகிறீர்கள்?" என்று கேட்டது செல்போன்.

அப்படியே மாமாவிடம் திருப்பினேன். "எதுக்குன்னு போடட்டும் மாமா?"

"முப்பத்தெட்டு வருஷம் குடியிருந்தவன், சும்மா பாக்க வர்றான்னு போடுடா."

அப்படி ஒரு கட்டம் அதில் இல்லை. டூரிஸம் என்பதை அமுக்கினேன். சொந்த வீட்டைப் பார்க்க என் மாமா சுற்றுலாப் பயணியாகக் கிளம்பினார்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. டி.என்.43 என்று நம்பர் இருந்தால் உள்ளூர்; கேள்வி கிடையாது. மாமாவின் கடைசி ஸ்கூட்டருக்கு அந்த நம்பர்தான். அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டு வருஷங்களாகின்றன. என் கார் கோயமுத்தூர் டி.என்.38. உத்தரவில் தப்பில்லை ஸார். மே மாசத்து ஞாயிற்றுக்கிழமையில் பர்லியாறு தாண்டி இரண்டு மணி நேரம் முதல் கியரில் நின்றவன் நான். இருந்தாலும் மாமா கல்லாறு செக்போஸ்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளம்பிய காரணம், வீடு விற்பது. "நீ பி.காம். படிச்சவன், கூட வா" என்றார். நம் குடும்பங்களில் பி.காம். என்றால் பத்திரம், பட்டா, வருமான வரி, மாப்பிள்ளை வீட்டாரின் சம்பளப் பொய் அத்தனையையும் கண்டுபிடிக்கிற படிப்பு!

மாமா வேலை பார்த்தது இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில். 1960-ல் மத்திய அரசு ஆரம்பித்த கம்பெனி. 1967-ல் உற்பத்தி தொடங்கியது. பிலிமுக்குத் தூசி ஆகாது, சூடு ஆகாது, நல்ல தண்ணீர் வேண்டும். மூன்றும் ஊட்டியில் இருந்தன. பிரான்ஸ்காரர்களின் தொழில்நுட்பத்தோடு கூடலூர் ரோட்டில் தொழிற்சாலை எழுந்தது. பிலிமின் பெயர் 'இந்து', குடியிருப்பின் பெயர் இந்து நகர். (மதம் இல்லை, இந்து என்றால் சந்திரன்.) அந்தக் காலத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தவர்களில் பாதிப் பேரின் விலா எலும்பு மாமாவின் கை வழியாகத்தான் போயிருக்கும்.

பிலிமுக்கு மருந்து பூசுவது இருட்டில். மாமா 1978-லிருந்து இருட்டிலேயே நடந்து, இருட்டிலேயே கை நீட்டி, வேண்டியதை எடுத்துப் பழகியவர். 1997 கோடை விடுமுறையில் நான் அங்கே இருந்தபோது ஒருநாள் ராத்திரி கரண்ட் போனது. நாங்கள் கதவிலும் கட்டிலிலும் முட்டிக்கொண்டிருக்க, மாமா நேராக சமையலறைக்குப் போய், அத்தை ஒளித்து வைத்திருந்த வர்க்கி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தைக்கு ஆச்சரியம் இருட்டைப் பற்றி அல்ல, டப்பா இருந்த இடம் தெரிந்ததைப் பற்றி.

என் கண்ணுக்கு அப்போது அதுதான் மாடல் வாழ்க்கை. ஸ்கூட்டர், சங்கு ஊதினால் வேலை, சனிக்கிழமை அசெம்பிளி ரூம்ஸில் இங்கிலீஷ் படம். ஃபிங்கர்போஸ்ட் பக்கம் 1988-ல் லோன் போட்டுக் கட்டிய மூணு ரூம் வீடு. ஆனால் நான் வர்க்கி தின்றுகொண்டிருந்த அந்த வருஷமே கம்பெனி படுத்தாகிவிட்டது. கடன் வாங்கி பாலியஸ்டர் எக்ஸ்ரே பிலிமுக்குப் புது ஆலை கட்டினார்கள். இறக்குமதிக் கதவு திறந்தது, ஜனங்கள் கலருக்குப் போனார்கள், பின்னாலேயே டிஜிட்டல் வந்தது. 1996-ல் நலிந்த நிறுவனம் என்று முத்திரை. 2014-ல் மத்திய அமைச்சரவை விருப்ப ஓய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மாமாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு. விருப்பப்பட்டாலும் படாவிட்டாலும் ஓய்வு! இரண்டு வருஷம் சமாளித்துப் பார்த்தார். மகனுக்கு சரவணம்பட்டியில் வேலை, அத்தைக்கு மூட்டுவலி. துடியலூருக்கு இறங்கிவிட்டார்கள்.

அவர் மட்டுமில்லை. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டத்தில் 7 லட்சத்து 62 ஆயிரம் பேர். 2011-ல் 7 லட்சத்து 35 ஆயிரம். தமிழ்நாட்டில் ஜனத்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். ஊட்டி நகரம் மட்டும் 93 ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து 88 ஆயிரத்துச் சொச்சம். ரோட்டிலோ கார் வைக்க இடமில்லை. பேலன்ஸ் ஷீட்டில் இப்படி வந்தால் ஆடிட்டர் பேனாவை மூடிவிடுவார்.

வீட்டை வாங்க வந்தவரை வழியில் கேத்திப் பக்கம் பார்த்தோம். பெங்களூர் ஆசாமி, என் வயசு, ரொம்ப மரியாதையான மனுஷன். "வாங்க அங்கிள்" என்று மாமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். கேட்டுக்கு உள்ளே வரிசையாக வில்லா. கண்ணாடிச் சுவர், பள்ளத்தாக்கு முழுவதும் சோபாவில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. எட்டு வீட்டில் ஆறு பூட்டியிருந்தது.

"எப்ப வருவாங்க?" என்றார் மாமா.

"லாங் வீக்கெண்ட்ல வருவாங்க அங்கிள். மத்த நாள் வாடகைக்கு விடுவோம்."

வெளியே ஒரு பெரியவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் போய்ப் படுக மொழியில் நாலு வார்த்தை பேசி, நாற்பது வருஷ சிநேகிதம் மாதிரி ஆக்கிவிட்டார். அந்தச் சரிவில் நாற்பது சென்ட் பெரியவருடையதாக இருந்ததாம், தேயிலை. ரஷ்யாக்காரன் வாங்குவதை நிறுத்தியதும், 2000 வாக்கில் பச்சைத் தேயிலை கிலோ நாலைந்து ரூபாய்க்கு விழுந்ததும் அவர் வாயாலேயே கேட்டேன். மகள் கல்யாணத்துக்கு விற்றார். "இப்ப அதே மண்ணுல மாசச் சம்பளம். தேயிலையை விட இது நிச்சயம்" என்றார், சிரித்துக்கொண்டே. 2023 செப்டம்பரில் கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தார்களே, அதில் இவரும் ஒருநாள் போய் உட்கார்ந்திருக்கிறார். நிலம் போன பிறகும்!

பிலிம் செத்த ஊர் இன்னொன்று உண்டு: அமெரிக்காவில் ராச்செஸ்டர், கோடக்கின் சொந்த ஊர். 1982-ல் அங்கே மட்டும் அறுபதாயிரம் பேர் கோடக்கில் வேலை பார்த்தார்கள். 2012 ஜனவரியில் கம்பெனி திவால் மனு போட்டது. 1950-ல் 3 லட்சத்து 32 ஆயிரமாக இருந்த நகரம் 2010-ல் 2 லட்சத்துப் பத்தாயிரம். ஆனால் பக்கத்துப் புறநகர் பிட்ஸ்ஃபோர்டு பணக்காரத்தனமாக இருக்கிறது. சம்பளக்காரர்கள் பலர், கோடக் நன்றாக இருந்த காலத்திலேயே, கார் எடுத்தால் இருபது நிமிஷ தூரத்தில் புல்வெளி வைத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். நகரம் ஏழையானது, புறநகர் கொழுத்தது.

நம்ம ஊரில் கணக்கு வேறு. சம்பளக்காரன் ஆறாயிரம் அடி கீழே இறங்கிவிடுகிறான். அவன் போயிருக்க வேண்டிய புறநகரை வருஷத்துக்கு பத்து நாள் வருகிறவன் வாங்கிக்கொள்கிறான். யோசித்தால் ஊட்டிக்கு இது புதுசும் இல்லை. கலெக்டர் சல்லிவன் 1820-களில் வீடு கட்டியதும், 1870-லிருந்து சென்னை ராஜதானியே கோடையில் இங்கே வந்து குந்தியதும் சீசனுக்குத்தான். நடுவில் ஒரு முப்பது வருஷம், பன்னிரண்டு மாசமும் ஸ்வெட்டர் போட்டு, சங்கு ஊதினால் ஓடி, லோன் கட்டி, ஊரில் நிஜமாகவே குடியிருந்தது மாமா கோஷ்டி. அருவங்காட்டில் 1904-லிருந்து ஓடும் வெடிமருந்துத் தொழிற்சாலை இன்னும் ஓடுவதால் அந்த ஜாதியில் கொஞ்சம் மிச்சம்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் டெபிட் கிரெடிட்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஃபிங்கர்போஸ்ட் வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்து இரண்டு மாசம். ஓதம் அடித்தது. பெங்களூர்காரர் பின்னாலேயே தன் வண்டியில் வந்து சேர்ந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "பர்ஃபெக்ட் அங்கிள். ரூமுக்கு நாலு கட்டில் போடலாம்" என்றார். அப்போதுதான் எங்களுக்கே புரிந்தது, வீடு அவருக்கு இல்லை; வில்லாவில் வேலை செய்யும் பையன்களுக்கு. பன்னிரண்டு பேர் தங்கலாமாம்.

ஐம்பத்திரண்டு லட்சம் பேசி முடித்திருந்தது. துடியலூரில் இரண்டு பெட்ரூம் பிளாட் வரும். கேத்தியில் அந்தக் கண்ணாடிச் சுவர் வரலாம்.

எனக்குக் கோபம் வந்தது. வெளியே இழுத்து, "யோசிங்க மாமா, வேற ஆளுக்குக் கொடுக்கலாம்" என்றேன்.

"ஏண்டா? நான் எழுபத்தெட்டுல வந்தப்ப ஒரு ரூமுல ஆறு பேர். பசங்களுக்கு நாலு பேர்தானே" என்றார். "ஹீட்டர் மட்டும் போட்டுக் குடுக்கச் சொல்லு. பிள்ளைங்க குளிர் தாங்காது."

ஹீட்டர் விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுத முடியாது என்றார் பெங்களூர்காரர். வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார். மாமா கையெழுத்துப் போட்டார். அட்வான்ஸ் செக்கை நான் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

கிளம்பும்போது மாமாவைக் காணோம். ஸ்டோர் ரூம் கதவு சாத்தியிருந்தது. ஒரு காலத்தில் அதைத்தான் டார்க் ரூமாக வைத்திருந்தார். என் ஆறு வயசு போட்டோ அங்கேதான் கழுவினது. உள்ளே விளக்கு இல்லை. தட்டலாமா என்று நிற்கும்போது வெளியே வந்தார். கையில் ஒரு சிவப்பு பல்ப்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

"மாட்டினவனுக்குத் தெரியாதா?" என்று கைக்குட்டையில் சுற்றினார். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. "பத்திரத்துல பல்பு பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

"இல்லை மாமா."

கல்லாறு வரும்வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.