பெரம்பலூரில் ஒரு கடல்

சென்னை–திருச்சி சாலையில் எத்தனையோ முறை பெரம்பலூரைத் தாண்டியிருக்கிறேன். டீக்கு நிறுத்தியதோடு சரி. போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாத்தனூருக்கு வண்டியைத் திருப்பினோம். இருபுறமும் மக்காச்சோளக் காடு.

அங்கே 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. பார்த்தால் மரம், ஆனால் முழுக்கக் கல். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வட்டாரம் கடலோரம். கடலடிச் சேற்றில் புதைந்த மரம் மெல்ல மெல்லக் கல்லாகிவிட்டது. 1940இல் இதை உலகுக்குச் சொன்னவர் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன். அதன் முன்னால் நின்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

பக்கத்தில்தான் காரை என்ற ஊர். மழைநீர் அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக நிற்கும் களிமண் மேடுகள். வெயில் பட்டதும் ஜிப்சம் துண்டுகள் மினுங்குகின்றன. கீழே குனிந்தால் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள்.

போகிறவர்கள் விடிகாலையிலேயே போய்விடுங்கள்; நிழலே கிடையாது. தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் வேண்டாம், களிமண் வழுக்கும்.

ஒன்றே ஒன்று, கெஞ்சிக் கேட்கிறேன்: எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். என் மகள் ஒரு சுருள் சிப்பியின் அச்சைக் கண்டெடுத்தாள். ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.