சித்தப்பாவும் ஒரு கேரவனும்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் படம் கைப்பேசிக்கு வந்தது. லெஸ்டரில் வேலை பார்க்கும் தம்பி, அதாவது சித்தப்பா மகன், அனுப்பியிருந்தான். அவன் காருக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கேரவன். நண்பர் ஒருவருடையதாம். “ஆகஸ்டில் வாங்க. இதை இழுத்துக்கிட்டு லேக் டிஸ்ட்ரிக்ட் போயிட்டு வருவோம்.”

நான் ஏரிகளை நினைத்துக்கொண்டேன். சித்தப்பா ரசத்தைக் கீழே வைத்துவிட்டு, “வெயிட் எவ்வளவுன்னு கேளு” என்றார்.

சித்தப்பா கிள்ளான் துறைமுகத்தில் 28 ஆண்டுகள் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர். கிள்ளானில் வளர்ந்த எங்களுக்கு டிரெய்லர் புதிதல்ல. பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் அதன் சக்கரங்களுக்குப் பக்கத்தில்தான் போனோம். ஆனால் காருக்குப் பின்னால் ஒரு வீட்டைக் கட்டி இழுக்கும் குடும்பத்தைக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நான் கண்டதில்லை. இங்கே கன்டெய்னர் இழுக்க ஜிடிஎல் வேண்டும், டிரெய்லருக்கே தனிப் பதிவு எண் உண்டு, புஸ்பாகோம் சோதனை உண்டு. இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கேரவனுக்குச் சாலை வரியும் இல்லை, வருடாந்திரச் சோதனையும் இல்லை. இழுக்கும் காரின் எண்ணையே இன்னொரு மஞ்சள் பலகையில் எழுதிப் பின்னால் மாட்டினால் போதும். இதைக் கேட்டதும் சித்தப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “அப்ப யாருதான்டா செக் பண்றது?”

ஓட்டுகிறவன்தான். அந்த ஊர்ச் சட்டத்தின் சாரமே அதுதான் என்பது லெஸ்டர் போய்ச் சேர்ந்த பிறகு புரிந்தது.

லைசென்ஸ் விஷயத்தில் தம்பிக்கு அதிர்ஷ்டம். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் பெரிய டிரெய்லர் இழுக்க முன்பு தனித் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் பிரிட்டனில் அது இல்லை. சாதாரண கார் லைசென்ஸ் உள்ளவர், அதிகபட்சம் 3,500 கிலோ வரை அனுமதிக்கப்பட்ட டிரெய்லரை இழுக்கலாம். நம் ‘டி’ லைசென்ஸிலும் இதே 3,500 வருகிறது. ஆனால் அது வண்டியின் சுமையில்லாத எடை. எண் ஒன்று, கணக்கு வேறு.

ஆனால் லைசென்ஸ் 3,500 என்று சொன்னாலும் கார் ஒத்துக்கொள்ள வேண்டுமே. கார்க் கதவுச் சட்டத்தில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதில் காரின் மொத்த எடையும், காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எண்ணே இல்லாத காரில் எதையும் இழுக்கக்கூடாது. சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். 3,400. சுமையோடு கார் 2,000, கேரவன் 1,300. “நூறு கிலோ மிச்சம். அரிசி மூட்டையைக் குறை.”

புதிதாக இழுப்பவர்கள் காரின் எடையில் 85 விழுக்காட்டுக்குமேல் கேரவன் இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது என்பது அங்கே பொதுவான அறிவுரை. அது சட்டமல்ல. பக்கக் கண்ணாடி சட்டம். கேரவன் காரைவிட அகலமாக இருந்தால் பின்பக்கம் தெரியாது. நீட்டுக் கண்ணாடி மாட்டாமல் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், மூன்று புள்ளிகள். கொக்கி கழன்றால் கேரவனின் பிரேக்கைத் தானே இழுத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பி ஒன்றும் கட்டாயம்.

புறப்படும் காலையில் தம்பியின் மாமியார், “முதுகு வலிக்குது, நான் பின்னால கட்டில்லயே படுத்துக்கிறேன்” என்றார். பிள்ளைகள் இரண்டும் உடனே அவர் பக்கம் சேர்ந்துகொண்டன. ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக்கூடாது, அது குற்றம் என்று தம்பி சொன்னான். முகங்கள் வாடின. கேரவனுக்குள் யாரும் ஏறவில்லை, ஆட்கள் காரில்தான்.

ஏ50 சாலையில் ஒரு இறக்கம். தம்பி 60 மைலில் போய்க்கொண்டிருந்தான். கேரவன் இழுத்தால் அங்கே அதுதான் உச்ச வேகம், ஒற்றைச் சாலையில் 50. பெரிய லாரி ஒன்று எங்களைக் கடந்தது. பின்னால் யாரோ காரின் வாலைப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்ததுபோல் இருந்தது. அடுத்த அசைவு இன்னும் பெரியது. கண்ணாடியில் கேரவன் ஒருமுறை முழுதாகத் தெரிந்தது, மறுமுறை காணவே இல்லை. தம்பியின் கால் பிரேக்குக்குப் போனது.

“தொடாதே!” முன்சீட்டிலிருந்து சித்தப்பா. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. “ஆக்சிலேட்டரை விடு. ஸ்டீயரிங்கை நேரா பிடி. திருப்பாதே.”

நாலைந்து விநாடிதான் இருக்கும். வேகம் இறங்க இறங்க ஆட்டம் நின்றது. காருக்குள் யாரும் பேசவில்லை. சின்னவள் மட்டும், “தாத்தா, இன்னொரு தடவை?” என்றாள்.

அடுத்த ஓய்விடத்தில் நிறுத்தி, சித்தப்பா கேரவன் கதவைத் திறந்தார். பின்கோடிச் சமையலறையில் 40 லிட்டர் தண்ணீர், அரிசி, மாமியாரின் கிரைண்டர். “பின்னாடி பாரம் ஏறினா மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினா வால் ஆடும். கன்டெய்னரும் இப்படித்தான்.” பக்கத்தில் கேரவன் நிறுத்தியிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தன் எடைக்கருவியைத் தந்து உதவினார். கொக்கியின் மேல் விழும் பாரம் கேரவன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு இருக்க வேண்டுமாம். எங்களுக்கு அது 65 கிலோவுக்குமேல். கருவி காட்டியது 35.

தண்ணீரைக் கொட்டினோம். கனமான சாமான்களையெல்லாம் நடுச்சக்கரத்தின் மேல், தரையோடு தரையாக அடுக்கினோம். மறுபடி வைத்தால் 70. வெள்ளைக்காரர் கட்டைவிரலைக் காட்டினார். அவரும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி ஆங்கிலத்தில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், இருவருக்கும் அலுக்கவில்லை.

விண்டர்மியர் ஏரி அழகுதான். மழை மூன்று நாளும் விடவில்லை. கேரவனுக்குள் தோசை வார்த்துச் சாப்பிட்டதைப் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கிள்ளான் திரும்பியதும் நண்பர்கள் இருவர் நம் காருக்கும் கொக்கி போட்டுக் கேமரன் மலைக்கு இழுக்கலாமா என்று கேட்டார்கள். வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். பட்டறைக்காரர் “பரவாயில்லை” என்று சொல்வது அனுமதியாகாது. முதலில் ஜேபிஜே அலுவலகம், பிறகு காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான பதில், கடைசியில்தான் பட்டறை. வெளிநாட்டில் போய் இழுக்க நினைப்பவர்களும் நம் லைசென்ஸ் அதற்குச் செல்லுமா என்று காப்பீட்டாரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பயணத்தில் நான் ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை.

தம்பி இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் கொக்கியைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறான். போன வாரம் வந்த படத்தைச் சித்தப்பா பெரிதாக்கிப் பார்த்தார். இரண்டே சொல்லில் பதில் போட்டார்.

“கம்பி எங்கே?”