சகனும் வாழையிலையும்

விருந்தோம்பலைப் பற்றி வள்ளுவர் பத்துக் குறள் அருளியுள்ளார். நம் கல்லூரியில் அப்பத்தையும் மனனஞ் செய்து ஒப்புவித்தோம். சொன்ன தொகைக்கு மேல் வரும் மாப்பிள்ளை வீட்டாரை என்செய்வதென்று அவற்றுள் ஒன்றிலேனும் இல்லை என்பதைச் சென்ற ஆண்டு எம் மூத்த மகளின் கலியாணத்தின்போதுதான் கவனித்தோம்.

கலியாணம் சாய்ந்தமருதில் நடந்தது. கல்முனைக் கரையின் சோனகர் ஊர்களில் மணமகன் பெண்ணின் வீட்டுக்கே குடிவருவான். அவ்வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். குடி தாய்வழியே எண்ணப்படும். மட்டக்களப்புப் பகுதி இந்துக்களுக்கும் இது பொதுவழக்கு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008 இல் இதனைப் பெருநூலாகவே வெளியிட்டார். ஆக, எம்மூரில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பொழுது விருந்தினர். மாப்பிள்ளையோ ஆயுட்கால விருந்தினர்.

எம் மனைவியின் சீதன வீடு 2004 டிசம்பர் 26 இல் கடலோடு போயிற்று. கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று முதலில் விதித்தார்கள். பின்னர் வந்த உதவி வீடுகள் பலவற்றில் குடும்பத் தலைவரென்று ஆடவர் பெயரே எழுதப்பட்டது. தாய்வழி வந்த பெண்ணுரிமை அவ்விடங்களில் ஓசையின்றி மறைந்தது. எம் வீட்டு உறுதி மகள் பெயருக்கு மாறும்வரை எம் மனைவி நிம்மதியாக உறங்கவில்லை.

வில்லங்கம் அழைப்பிலேயே தொடங்கியது. அச்சிட்ட அட்டை போதாது. கணவனும் மனைவியுமாக நேரிற் சென்று சொல்லவேண்டும். ஒரு பெரியவர், நாம் சென்றபோது தாம் வீட்டில் இருக்கவில்லையாதலால் அவ்வழைப்புச் செல்லாதென்றார். மறுபடி சென்றோம். அன்று அவர் மனைவி வீட்டில் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் 25 சகன் என்றார்கள். அறுவர் சூழ்ந்திருந்து ஒன்றாய் உண்ணும் பெருந்தட்டே சகன்; ஆகவே 150 பேர். வந்தவர்களோ 36 சகனுக்கு இருந்தார்கள். சமையற்காரர் அசையவில்லை. “காக்கா, அவங்க இருபத்தைஞ்சு எண்டு சொன்னா நான் நாற்பதுக்கு அரிசி போடுவன்” என்றார். அவர் கணக்கறிந்தவர்.

யாருடன் யார் கைநனைப்பது என்பதே பெருஞ்சிக்கல். எம் மனைவியின் தாய்மாமனார், சம்மாந்துறைப் பக்கம் வயலுள்ள போடியார், ஒரு வட்டைவிதானையார் இருந்த சகனில் அமரமாட்டேனென்று எழுந்துவிட்டார். கல்லோயா வாய்க்காலில் ஏதோ ஒரு போகத்துத் தண்ணீர் பிந்தி வந்த வழக்கு. வேறு சகன் காட்டினோம். அது வாசலோரம் என்றார். தனிச்சகன் என்றோம், தம்மை ஒதுக்கிவைப்பதா என்றார். குடையைக் கையில் எடுத்தார். அவர் உண்ணாது போனால் அவர் குடியாரும் எழுவர். அதுவே மணமகளின் குடி. பெண்ணின் குடியே எழுந்துபோன கலியாணம் என்ற பேச்சு எம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும்.

பின் விறாந்தையில் நம் கல்லூரித் தோழர் நால்வர் வாழையிலை முன் இருந்தனர். மரக்கறி உண்பவர், விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவைச் சேர்ந்தவர். அவ்வூரிலேயே ஒரு வீட்டில் அவர்களுக்கெனத் தனியே சமைப்பித்திருந்தோம். நாலு பேருக்கு ஒரு சமையலா என்று எம் மச்சான் முன்னரே ஆட்சேபித்திருந்தார். 1985 ஏப்ரலிலும் 1990 இலும் இவ்வூர்களுக்கிடையே மூண்ட பகையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. 1991 இல் எம் தங்கையின் கலியாணத்துக்கு இந்நால்வரில் ஒருவரும் வர இயலவில்லை. நடந்து வரும் தூரந்தான். அழைப்புக் கொண்டுபோகவும் வழியிருக்கவில்லை. ஆதலால் இம்முறை ஒருவருக்கென்றாலும் அடுப்பு மூட்டுவதென்று முன்னரே தீர்மானித்திருந்தோம்.

பின்வாசலால் வெளியேறப்போன போடியார் இலைகளைக் கண்டு நின்றார். தோழர் ஒருவர், “வாங்க போடியார், இருங்க” என்று பக்கத்தில் இடம் ஒதுக்கினார். அவர் தகப்பனாரும் போடியாரும் ஒரே வட்டையில் வேளாண்மை செய்தவராம். போடியார் குடையைச் சுவரிற் சாத்திவிட்டு அமர்ந்தார். கத்தரிக்காய்ப் பாற்கறியை இருமுறை கேட்டார், பாயாசத்தை மும்முறை. தோழர் மூவர் பாயாசமின்றி எழுந்தனர். குடியார் மீண்டும் சகனைச் சுற்றி அமைந்தனர். சிறிது பொழுதில், போடியாருக்கு மட்டும் என்ன தனிக் கவனிப்பு, தமக்கும் ஓர் இலை வேண்டுமென்று வட்டைவிதானையார் சொல்லியனுப்பினார். இலை இருந்தது, கறி இல்லை. வட்டிலப்பத்தை இரட்டிப்பாக அனுப்பிச் சமாளித்தோம்.

மாலையில் மாப்பிள்ளையின் சிறிய தகப்பனார் எம்மைத் தனியே அழைத்து, கிணற்றடித் தென்னை மூன்றும் உறுதிக்குள் அடங்குமா என்றார். அடங்கும் என்றோம். வளவின் பின்புறத்தில் எமக்கென்று கட்டிய சிறுவீட்டுக்கு அன்றிரவே பாயும் தலையணையும் மாறின.

மறுநாட் காலை, மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்கப் பெரிய வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்று இருமினோம். எம் மகள் வந்து கதவைத் திறந்து, “இருங்க வாப்பா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்றாள்.