கடையைப் பூட்டாமல் போய்வரும் இடங்கள்

யாழ்ப்பாணத்தில் குடும்பமாகப் போகக்கூடிய நல்ல இடங்கள் எவை என்று எங்கட அப்பாவிடம் கேட்டால் நாலு சொல்லுவார்: பண்ணை, கோட்டை, சுப்பிரமணியம் பூங்கா, நல்லூர் வீதி. ரியோ ஐஸ்கிரீமைத் தனியாக எண்ணமாட்டார், அது நல்லூர்க் கணக்கில். கசூரினாவும் கீரிமலையும் பட்டியலில் இல்லை. இரண்டும் அழகான இடங்கள்தான், ஆனால் போய்வர அரைநாள் வேணும்.

அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருக்கிறது. காலமை ஆறரைக்குத் திறந்தால் இரவு ஒன்பது மணிவரை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் சனம் குறையும். பின்னேரப் பாண் வந்து இறங்கினால் திரும்பக் கூடிவிடும். அந்த இடைவெளி இரண்டரை மணித்தியாலம். அதற்குள் மோட்டார்சைக்கிளில் போய், பிள்ளைகளை விளையாடவிட்டு, திரும்பி வரக்கூடிய தூரம்தான் அவருக்கு யாழ்ப்பாணம்.

செலவும் இருக்கக்கூடாது. கடையிலிருந்தே ஒரு பையில் கிறீம் கிறாக்கரும் நெக்டோவும் வரும். பிஸ்கட் எப்போதும் திகதி முடியக் கிட்டினதாக இருக்கும். "கடையில கிடக்கிற சாமானை வெளியில காசு குடுத்து வாங்குவினமோ?" இதற்கு நானும் தம்பியும் ஒருநாளும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

அவருக்கு உண்மையாகவே பிடித்த இடம் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது என்பதெல்லாம் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கமுதலே அவர் சொல்லித் தந்தது. முருகைக்கல் மதிலைத் தட்டிப்பார்த்து, சீமெந்து இல்லாமல் எப்படி நிக்குது பார் என்பார். மூன்றரை மணி வெயிலில் மதிலின்மேல் நடப்பது எங்களுக்குத் தண்டனை. அவருக்கு அதுதான் விடுமுறை. கடலைப் பார்த்தபடி பத்து நிமிசம் ஒன்றும் பேசாமல் நிற்பார். கடையில் அவர் பேசாமல் நின்று நான் கண்டதில்லை.

பண்ணையில் கதை வேறு. அங்கே கச்சான்காரரிடம் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறியள் என்று தொடங்கினால் பொழுது போய்விடும். பூங்கா பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊஞ்சல் இருந்தது, ஆடினோம்.

2022இல் எரிபொருள் பாஸ் வந்தபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான். அது சாமான் எடுக்கவே காணாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நிற்கவில்லை. சைக்கிளில் நல்லூருக்குப் போனோம். மணலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம்.

இந்த இடங்கள் எல்லாவற்றிலும் எடுத்த படங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றிலும் அம்மா இல்லை. மோட்டார்சைக்கிளில் நாலு பேர் போகேலாது என்பது ஒரு காரணம். கடையில் ஆள் வேணும் என்பது பெரிய காரணம். கடன் கொப்பியில் யார் எவ்வளவு, யாரிடம் கேட்கலாம், யாரிடம் இந்த மாதம் கேட்கக்கூடாது என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் அம்மா ஒருநாள், அப்பா ஒருநாள் என்று மாறி மாறித்தான் போவார்கள். ஆக, அப்பா குடும்பமாகப் போகக்கூடிய இடம் என்று சொல்வது, அம்மாவை விட்டுவிட்டுப் போகக்கூடிய இடத்தை.

ஒருநாள் பூட்டினால் என்ன என்று சண்டை பிடித்திருக்கிறேன். "பூட்டின கடைக்கு ரெண்டு தரம் வந்த சனம் மூண்டாம் தரம் சுப்பர்மார்க்கெட்டுக்குப் போயிடும்." அவர் சொல்வதைப் பிழை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நான் கம்பஸ் போவதும் அந்த லாச்சிக் காசில்தான்.

இரண்டு மாதத்துக்கு முதல் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அம்மா சும்மா கேட்டா, "கோட்டைக்கு மேல ஏறினால் கடல் தெரியுமாமே?" எங்கட வீட்டிலிருந்து கோட்டைக்கு நாலைந்து கிலோமீற்றர்கூட வராது.

அதற்குப் பிறகுதான் நான் கடன் கொப்பி பழகத் தொடங்கினேன். அம்மாவின் கையெழுத்தில் பாதிப் பேருக்குப் பெயரே இல்லை: சிவப்பு கேற், ரீச்சரின்ர மகன், முட்டைக்காரி. ஒரு மாதம் பிடித்தது.

போன ஞாயிறு தம்பி மட்சுக்குப் போய்விட்டான். நான் கடையில் நின்றேன். அப்பாவும் அம்மாவும் மூன்றரைக்கு வெளிக்கிட்டார்கள். அம்மா சீலை மாற்றவே கால் மணித்தியாலம். நாலேகாலுக்கு அழைப்பு வந்தது. காற்று இரைச்சலில் குரல் சரியாகக் கேட்கவில்லை. கடல் தெரியுதோ என்று கேட்டேன்.

"ஓம், ஓம், தெரியுது. பாண் வந்திட்டுதோ? சிவப்பு கேற்றுக்கு ரெண்டு எடுத்து வை."