காக்கை பறக்காத மலை

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் "உங்கள் பூர்வீகம் எது?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு மாவட்டத்தின் பெயர்தான் பதிலாக வரும். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு. அதற்கு மேல் கேட்டால் மௌனம். என் பாட்டியும் அப்படித்தான். "திருச்சி ஜில்லா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பீடோருக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் 1941-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. ஊர்ப் பெயர் இல்லை.

கேட்டுச் சொல்லவும் ஆளில்லை. பாட்டிக்கு இரண்டு வயதாக இருந்தபோது கொள்ளுத் தாத்தாவை ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றி, தாப்பா ரோடு நிலையத்தில் சயாமுக்கு இரயிலேற்றினார்கள். திரும்பவில்லை.

பூர்வீகம் தேடுகிறவர்கள் கப்பல் பதிவேடுகளையும் ஆவணக் காப்பகத்தையும்தான் முதலில் நினைப்பார்கள். எங்களுக்குக் கைகொடுத்தது கங்காணி முறை. கங்காணிக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடையாது. கதைகளில் அவர்தாம் வில்லன். ஆனால் அவர் ஆள் சேர்த்த விதத்தைப் பாருங்கள். தோட்ட நிர்வாகம் அனுமதிப் பத்திரம் கொடுத்து அவரைத் தமிழகத்துக்கு அனுப்பும். அவர் தம் சொந்தக் கிராமத்திலும் சுற்றுவட்டாரத்திலும் சொந்தக்காரர்களையும் தெரிந்தவர்களையும் திரட்டிக் கப்பலேற்றி அழைத்து வருவார். 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை இது நடந்தது. ஆகவே, ஒரே லயத்தில் குடியிருந்த பலர் ஒரே வட்டாரத்துக்காரர்கள். நம் ஊர் தெரியாவிட்டாலும் கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியதுபோல.

தோட்டம் செம்பனைக்கு மாறி, லயம் காலியாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் கங்காணியின் பேரன் தாப்பாவில்தான் இருந்தார். "எங்க தாத்தா குளித்தலைப் பக்கம்" என்றார். பாட்டியிடம் வந்து சொன்னேன். அப்படியொரு பெயரை அவர் கேட்டதே இல்லையாம். சற்று நேரம் கழித்து, "அங்க காக்கா பறக்காத மலை ஒண்ணு இருக்கான்னு கேளுய்யா. அப்பா அடிக்கடி சொல்வாராம், அம்மா சொல்லியிருக்காங்க" என்றார்.

இருந்தது. குளித்தலைக்குத் தெற்கே ஐயர்மலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் இரத்தினகிரீசுவரர் கோயில். அந்த மலைமேல் காகம் பறக்காது என்பது அவ்வட்டாரத்து நம்பிக்கை. (நானும் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். குரங்குகள்தாம் தென்பட்டன.) பாட்டியின் "திருச்சி ஜில்லா" இப்போது கரூர் மாவட்டம்.

பருவ விடுமுறையில் போய் இறங்கிய முதல் நாள் வரவேற்பு அவ்வளவு இனிமையாக இல்லை. மலேசியாவிலிருந்து திடீரென்று வந்து நிற்பவன் நிலத்தில் பங்கு கேட்க வந்திருப்பானோ என்ற ஐயம் அவர்களுக்கு. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அடுத்து "நீங்க எந்த வகையறா?" என்றார்கள். எங்கள் வீட்டில் யாரும் பேசாத விஷயம் அது. குலதெய்வம் யார் என்றார்கள். மதுரை வீரன் என்றேன். அதை வைத்து யாரும் நம்பிவிடவில்லை. மதுரை வீரனைக் கும்பிடுகிறவர்கள் ஒரு வீட்டாரா, இரு வீட்டாரா? கொள்ளுத் தாத்தாவின் பெயரோடு, பாட்டி சொல்லியனுப்பிய அவர் தம்பியின் பெயரையும் சொன்ன பிறகுதான் திண்ணையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். அந்தத் தம்பியின் மகன். எனக்குத் தாத்தா முறை.

"சண்டை முடிஞ்சதும் ஊர்ல எல்லாருக்கும் மலாயாவுலருந்து கடுதாசி வந்துச்சு. எங்களுக்கு வரல. பெரியப்பா அங்கேயே குடும்பமாயி எங்கள மறந்துட்டாருன்னு எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் திட்டிக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

மறக்கவில்லை, அவரைச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னேன். கடிதம் எழுத வீட்டில் வேறு யாருக்கும் எழுத்துத் தெரியாது, முகவரியும் தெரியாது என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னைக்குத் தவறினாரு? திதி தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

தெரியாது. 1942-இலும் 1943-இலும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த போர்க் கைதிகளுக்கு, காஞ்சனபுரி நகரக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. 2023-இல்தான் அங்கே ஒரு பௌத்த விகாரையில் அவர்களுக்காக நடுகல் நாட்டினார்கள். அது எல்லாருக்குமான கல். நாளும் பெயரும் அதில் தேட முடியாது.

அன்றிரவு புலனத்தில் பாட்டியைப் பிடித்துக் கொடுத்தேன். "அக்கா" என்று அழைத்தார் அவர். எண்பதைத் தாண்டிய பாட்டியைத் தகப்பன் வழியில் அப்படி அழைக்க அதுவரை யாரும் இருந்ததில்லை. நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் கொடுக்கலாம், கடம்பர் கோயில் துறையில் காவிரியில் நானே கொடுக்கிறேன் என்றார். பாட்டி உடனே சரி என்று சொல்லவில்லை. கொள்ளுப் பாட்டி 1978-இல் கண்ணை மூடும்வரை தாலியைக் கழற்றவில்லை. "அம்மா பொட்டோட போனவங்க. நான் எப்படி அவரு செத்துட்டாருன்னு சொல்றது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

நான் ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்துத்தான் சம்மதித்தார். ஒரு நிபந்தனை: அம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொள்ளுப் பாட்டியின் ஊரைப் பற்றி "ஆற்காட்டுப் பக்கம்" என்பதற்குமேல் எதுவும் இல்லை. தேடிப்போக ஒரு மலைகூட இல்லை. பிறப்புப் பத்திரத்தில் இருப்பது தப்பு, அதைப் பார்த்து எழுதாதே என்று பாட்டி பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். தமிழில் எழுதி, படமெடுத்துக் குளித்தலைத் தாத்தாவுக்கு அனுப்பினேன்.