ஒரு குருதியும் இரு விடைகளும்

அலகு குறிக்கப்படாத விடைக்குப் புள்ளி இல்லை என்பது அந்தக் கணித ஆசிரியரின் வகுப்பறையில் மாறாத விதியாக இருந்தது. எண் தெளிவைத் தரும் என்ற நம்பிக்கையிலேயே அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்றார். அத்தகையவருக்கு முதுமையில் எண்களாலேயே கலக்கம் நேர்ந்தது.

அவருடைய இளைய சகோதரர் ஐம்பத்திரண்டாவது வயதில் மாரடைப்பினாற் காலமானார். அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவுற்ற பின்னர், தம் இதயத்தின் நிலையையும் அறிந்துகொள்ள விரும்பி ஆசிரியர் வைத்தியரை நாடினார். வைத்தியர் எழுதிக்கொடுத்த பரிசோதனைகளுள் பைபிரினோசனும் ஒன்று. மன அமைதியின் பொருட்டு ஒரே காலையில் இரண்டு ஆய்வுகூடங்களில் அவர் குருதி கொடுத்தார். ஓர் அறிக்கை டெசிலீற்றருக்கு 320 மில்லிகிராம் என்றது. மற்றையது இலீற்றருக்கு 4.1 கிராம் என்றது. முதலாவதை அவர் உடனே 3.2 கிராம் என மாற்றிக்கொண்டார். வழமையான எல்லை ஏறத்தாழ 2 முதல் 4 கிராம் வரை. ஆகவே ஓர் அறிக்கையின்படி அவர் எல்லைக்குள் இருந்தார். மற்றையதன்படி எல்லையைக் கடந்திருந்தார். ஒரே காலையில் ஓர் உடலில் ஒரு பொருளுக்கு இரு அளவுகள் இருத்தல் இயலாது. எனவே இரண்டில் ஒன்று பிழை என்பது அவர் முடிவு.

இரு தாள்களையும் எடுத்துக்கொண்டு, மருத்துவ பீடத்தில் விரிவுரையாளராக இருந்த தம் பழைய மாணவனிடம் சென்றார். மாணவன் எண்களைப் பாராமல் தாள்களின் அடியிலிருந்த சிற்றெழுத்துகளையே முதலிற் பார்த்தான்.

“சேர், இரண்டும் வேறு வேறு முறைகள். எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட முடியாது” என்றான்.

பைபிரினோசன் ஈரலில் உண்டாகிக் குருதியிற் கரைந்து ஓடும் ஒரு புரதம். காயம் நேர்ந்தவிடத்துத் துரொம்பின் என்னும் நொதியம் அதனை வெட்டிப் பைபிரின் இழைகளாக்குகின்றது. அவ்விழைகளின் வலையே குருதிக்கட்டி. இந்த உறைவு உயிர் காப்பது. ஆயின், இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடியினுள், வெடித்த கொழுப்புப் படிவின் மீது நிகழ்ந்தால் அதுவே உயிரைப் பறிக்கும். ஆகையால் இப்புரதத்தின் அளவுக்கும் மாரடைப்புக்கும் தொடர்புண்டா என ஆராய்ந்தமை இயல்பே.

முதலாவது அறிக்கை 1957 இல் கிளவுஸ் வெளியிட்ட முறையைப் பின்பற்றியது. குருதிக்கலங்களை நீக்கிப் பெற்ற திரவத்தை ஐதாக்கி, அதனுள் மிகையான துரொம்பினைச் சேர்த்து, உறைவதற்கு எடுக்கும் நேரத்தை அளப்பர். பைபிரினோசன் கூடக் கூட நேரம் குறையும். நேரத்தையும் செறிவையும் மடக்கை அளவில் வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும் என்று மாணவன் கூறியபோது ஆசிரியரின் முகம் மலர்ந்தது. இரண்டாவது அறிக்கையின் முறை, புரோத்துரொம்பின் நேரத்தை அளக்கும் பொறியிலிருந்தே பெறப்படுவது. உறைவு தோன்றுகையில் திரவம் கலங்குகின்றது. ஒளியில் ஏற்படும் அம்மாற்றத்திலிருந்து பொறி அளவைக் கணிக்கின்றது. இது மலிவானது, விரைவானது. ஆயின் பெரும்பாலும் கிளவுஸ் முறையிலும் உயர்ந்த எண்ணைத் தருவது, பொறிக்குப் பொறி வேறுபடுவதும் உண்டு. மூன்றாவது வகையில், பிறபொருளெதிரிகளைக் கொண்டு புரதத்தின் மொத்த அளவைக் கணிப்பர். அப்புரதம் உறையும் ஆற்றல் உடையதா என்பதை அம்முறை வினவுவதில்லை.

ஆசிரியர் சிறிது யோசித்தார். “இடாப்பிலுள்ள பெயர்களை எண்ணுவதும், கணக்குச் செய்யத் தெரிந்த பிள்ளைகளை எண்ணுவதும் ஒன்றாகாதுதானே” என்றார். மாணவன் அதனினும் சிறந்த விளக்கம் தன்னிடம் இல்லை என்றான்.

ஆயினும் ஆசிரியரின் வினா முறைகளைப் பற்றியதன்று, இதயத்தைப் பற்றியது. சுவீடனின் கோதன்பேர்க் நகரில் 1913 இற் பிறந்த ஆண்களை ஆராய்ந்து 1984 இல் வெளியான முடிவுகளும், இலண்டனின் நோர்த்விக் பார்க் ஆய்வு 1986 இல் வெளியிட்ட முடிவுகளும், ஐக்கிய அமெரிக்காவின் பிரமிங்காம் ஆய்வு 1987 இல் வெளியிட்ட முடிவுகளும் ஒரே திசையையே காட்டின: பைபிரினோசன் உயர்ந்தோரிடையே இதய நோய் அல்லது பாரிசவாதம் கூடுதலாக நேர்ந்தது. 2005 இல் 31 ஆய்வுகளைச் சேர்ந்த 154,211 பேரின் தரவுகள் ஒன்றுதிரட்டப்பட்டன. ஏனைய ஆபத்துக் காரணிகளைக் கணக்கிற் கொண்ட பின்னரும், இலீற்றருக்கு ஒரு கிராம் உயரும்போது முடியுருநாடி நோயின் ஆபத்து ஏறத்தாழ 1.8 மடங்காகின்றது என்பது அதன் முடிவு.

இங்கேதான் ஆசிரியர் நிமிர்ந்தார். அவருடைய இரு அறிக்கைகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் 0.9 கிராம். ஆபத்தைக் கிட்டத்தட்ட இருமடங்காக்கும் அளவுக்குச் சமமான இடைவெளி, உடலில் எம்மாற்றமும் இன்றி, முறை மாறியதனாலேயே தோன்றக்கூடும்! ஒரு முறையிற் கண்ட ஆபத்தின் அளவை வேறொரு முறையின் எண்ணுக்குப் பொருத்துதல், மீற்றரில் எழுதிய விடையை அடியில் வாசிப்பதற்கு ஒப்பாகும். 2000 ஆம் ஆண்டில் பிரமிங்காம் ஆய்வின் இரண்டாந் தலைமுறையினரிடம் கிளவுஸ் முறையும் பிறபொருளெதிரி முறையொன்றும் ஒப்பிடப்பட்டன. வயது, உடற்பருமன், புகைத்தல், நீரிழிவு ஆகியவற்றுடன் இரு முறைகளும் ஒத்தே தொடர்பு காட்டின. ஆனால் அக்காரணிகளைக் கழித்த பின்னர், இதயக் குழாய் நோயுள்ளோரைப் பிரித்துக் காட்டியது இரண்டாவது முறை மட்டுமே.

“அப்படியெனில், இதை அளந்திருந்தால் தம்பி தப்பியிருப்பானா?” என்று ஆசிரியர் கேட்டார். அவர் வந்ததே இவ்வினாவுக்காகத்தான்.

மாணவன் ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. பைபிரினோசனை உயர்த்தும் மரபணு வேறுபாடு உள்ளோரிடம் இதய நோய் மிகையாகக் காணப்படவில்லை என 2006 இல் வெளியான ஆய்வு காட்டியதையும், எனவே அது நோயின் காரணமாக அன்றி அழற்சியின் அடையாளமாகவே இருக்கக்கூடும் என்பதையும் கூறினான். நடுத்தர ஆபத்துள்ள 400 முதல் 500 பேருக்கு இதனை மேலதிகமாக அளந்து தக்க சிகிச்சை அளித்தால், பத்தாண்டுகளில் ஒரு நிகழ்வு தவிர்க்கப்படலாம் என்ற 2012 ஆம் ஆண்டின் கணிப்பையும் சொன்னான்.

ஆசிரியர் அந்த ஒன்றை வெகுநேரம் நினைத்திருந்தார். ஐந்நூறில் ஒன்று சிறிய பின்னம். ஆயினும் அந்த ஒருவர் எவருக்கோ தம்பி.

வீடு திரும்பியதும் இரு எண்களுக்கும் அருகில் அலகையும் முறையின் பெயரையும் தம் கையால் எழுதிக் கோவையில் வைத்தார். இனிமேல் ஒரே ஆய்வுகூடத்தில் ஒரே முறையால் மட்டும் அளப்பதென்றும் தீர்மானித்தார். பின்னர், நாற்பது ஆண்டுகளாக மாலை வேளைகளில் எடுத்துப் பழகிய சுருட்டுப் பெட்டியை அலுமாரியிலிருந்து இறக்கினார். புகைத்தல் பைபிரினோசனை உயர்த்தும் என்பதில் எந்த முறையும் மற்றையதோடு முரண்படவில்லை. பெட்டி அன்றே வீட்டை விட்டு அகன்றது.