சாலையில் இரண்டு நாள்

தென் தமிழகத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குத் திருவனந்தபுரம் பழக்கமான ஊர்தான். பழகிய விதம்தான் சரியில்லை. நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் அடுத்த ரயில் திருவனந்தபுரத்துக்கு. இதயம், மூளை என்றால் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். புற்றுநோய் என்றால் மண்டலப் புற்றுநோய் மையம். கையில் ஃபைல், எக்ஸ்ரே கவர், வெந்நீர் ஃப்ளாஸ்க். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து லாட்ஜ், லாட்ஜிலிருந்து ஆஸ்பத்திரி வாசல். ஊரின் மற்ற தெருக்கள் எப்படி இருக்கும் என்று பார்க்க நேரமும் இருக்காது, மனசும் இருக்காது.

எந்தக் காரணமும் இல்லாமல் கணவனும் மனைவியும் அந்த ஊருக்குப் போய் இரண்டு நாள் சும்மா நடந்துவிட்டு வந்தால் என்ன? கேட்கவே நம் ஆட்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பயணம் என்றால் கல்யாணம், காதுகுத்து, நேர்த்திக்கடன், துக்கம் விசாரிப்பு. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் பெட்டியைத் தூக்கினால், "என்ன விசேஷம்?" என்று எதிர்வீடு கேட்கும். விசேஷம் ஒன்றும் இல்லை என்பதுதான் இந்தப் பயணத்தின் விசேஷம்.

டிசம்பர் அதற்குத் தோதான மாதம். திருவனந்தபுரத்தில் குளிர் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, ஸ்வெட்டர் தேவைப்படாது. ஆனால் வேர்த்து வடியாமல் நடக்கலாம். வடகிழக்குப் பருவமழை போகிற போக்கில் ஒரு சாயங்காலத்தை நனைத்துவிடக்கூடும் என்பதால் இருவருக்கும் சேர்த்து ஒரு குடை போதும். கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்கத்தான் ஆபத்து. டிசம்பர் 20க்கு மேல் கோவளத்துக்கு வரும் கூட்டத்தோடு நகர லாட்ஜ்களின் வாடகையும் ஏறும். மாத நடுவில் கேரள சர்வதேச திரைப்பட விழா நடந்தால், தம்பானூரில் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்களைச் சுற்றியுள்ள அறைகள் தோளில் பை மாட்டிய சினிமா ரசிகர்களுக்குப் போய்விடும். போதாததற்கு சபரிமலை சீசன் வேறு. ஆகவே பர்ஸை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு உகந்தது டிசம்பர் முதல் வாரம். நட்சத்திர விளக்குகள் அதற்குள் கடைகளில் தொங்கத் தொடங்கியிருக்கும். விலைவாசி இன்னும் ஏறியிருக்காது.

மதுரையில் ஒரு தம்பதி, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத ரகம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுடைய கணக்கு இப்படிப் போகும். வெள்ளிக்கிழமை இரவு புனலூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை காலை திருவனந்தபுரம் சென்ட்ரல். ஞாயிறு இரவு திரும்பும் ரயில். இரண்டு ராத்திரிகள் ரயிலிலேயே கழிந்துவிடுவதால் லாட்ஜுக்கு ஒரே ஒரு இரவு வாடகைதான். ஸ்லீப்பர் டிக்கெட்டை 60 நாள் முன்பே எடுக்கலாம். அக்டோபர் தொடக்கத்திலேயே எடுத்துவிடுவது நல்லது. ஐயப்ப பக்தர்கள் அதற்குப் பிறகு காத்திருப்போர் பட்டியலைத்தான் மிச்சம் வைப்பார்கள். நாகர்கோவில்காரர்களுக்கு இந்தக் கவலையும் இல்லை. சுமார் 70 கிலோமீட்டர்தான்; பாசஞ்சர் ரயிலில் ஆளுக்கு நூறு ரூபாய்க்கும் குறைவாகவே ஆகும்.

லாட்ஜ் ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கட்டும். பெட்டியைப் போட்டுவிட்டு முதல் காப்பிக்கு எதிரே பஸ் ஸ்டாண்டை ஒட்டிய இந்தியன் காப்பி ஹவுஸுக்குப் போகலாம். இங்கிலாந்திலிருந்து வந்து இந்த ஊரிலேயே தங்கி 2007ல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய செங்கல் கோபுரம் அது. படிக்கட்டே கிடையாது. தரையே சுருள்போல் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. ஏறும் வழியெல்லாம் மேஜைகள். சுவரில் விட்ட ஓட்டைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வந்துவிடுகின்றன. குறைந்த செலவில் அழகாகக் கட்டலாம் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவரின் கட்டடத்தில் குறைந்த செலவுப் பயணத்தைத் தொடங்குவது பொருத்தம்தான்.

அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிட நடையில் கிழக்கேகோட்டை. கோட்டை வாசலுக்கு மேற்கே பத்மநாப சுவாமி, கிழக்கே சாலை.

தமிழர்கள் 'சாலை' என்றும் மலையாளிகள் 'சால' என்றும் சொல்லும் இந்தக் கடைத்தெரு கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை ஓடுகிறது. நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இங்கே நிற்காமல் நடந்தவர் யாரும் இல்லை. வாசலிலேயே தேங்காய் எண்ணெய் கொதிக்கும் சட்டியில் நேந்திரங்காய் வறுபடுகிறது. அடுத்த கடையில் வெல்லம் பூசிய சர்க்கரை உப்பேரி. அதற்கடுத்து குலைகுலையாகத் தொங்கும் ஏத்தன், செவ்வாழை. பிறகு வெண்கல உருளி, நிலவிளக்கு, கிண்டி. ஏலம், மிளகு, கிராம்பு மூட்டைகளின் வாசனை. நகைக்கடைகள். கயிறு, சாக்கு, விளக்குமாறு. தோவாளையிலிருந்து வந்த பிச்சியும் அரளியும். தலையில் மூட்டையோடு வருகிற சுமைத் தொழிலாளி வழி கேட்டுக் குரல் கொடுத்தால் பக்கத்துக் கடைக்குள் ஏறி நின்றுவிட வேண்டும். தெருவின் முதல் விதி அது.

டிசம்பரில் இவற்றுக்கு மேலே ஒரு கூரைபோல் காகித நட்சத்திரங்கள். சிவப்பு, வெள்ளை, நீலம். குடில் கட்டப் புல், களிமண் மாடுகள், சீரியல் பல்புகள். பக்கத்திலேயே ஐயப்ப பக்தருக்கான கறுப்பு வேட்டி, துளசி மாலை, இருமுடிப் பை. ஒரே கடைக்காரர் ஒரு கையால் நட்சத்திரத்தையும் மறு கையால் மாலையையும் எடுத்துக் கொடுக்கிறார். மத நல்லிணக்கம் பற்றி அவரிடம் பேட்டி கேட்டால் சிரிப்பார். அவருக்கு இது சீசன்.

இந்தத் தெருவுக்குத் தமிழ் வெளியூர் பாஷை அல்ல. திருவிதாங்கூரை ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் திவான் ராஜா கேசவதாஸ் 18ம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய சந்தை இது. கேசவதாஸ் பிறந்த குன்னத்தூர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு பகுதியில் இருக்கிறது. 1795ல் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. தலைநகருக்கு அரிசியும் துணியும் வேண்டும். விற்க ஆளும் வேண்டும். கிழக்கிலிருந்து வணிகர்கள் வந்தார்கள், கடை போட்டார்கள், தங்கிவிட்டார்கள். 1956 நவம்பர் 1ல் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. எல்லைக்கோடு மாறியது; சாலைக்கு வரும் பூக்கூடையின் வழி மாறவில்லை. "எந்தா வேண்டே சேச்சி?" என்று தொடங்கும் கடைக்காரர், பதிலின் முதல் சொல்லைக் கேட்டதுமே "உள்ள வாங்கக்கா" என்று மாறிவிடுவது அதனால்தான்.

பெயருக்குப் பின்னால் இன்னும் பழைய சங்கதி ஒன்று உண்டு. சாலை என்றால் இன்று ரோடு. ஆயிரம் ஆண்டுக்கு முன் அது கல்விச்சாலை. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவனுடைய முதல் வெற்றியாகச் சொல்வது காந்தளூர்ச் சாலையை. அதற்கும் முன்பு, 866ல், ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர்களுக்குச் சாலை அமைத்தபோது காந்தளூரையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று செப்பேடு சொல்கிறது. சந்தைக்குப் பக்கத்திலேயே உள்ள வலியசாலையின் காந்தளூர் மகாதேவர் கோயில்தான் அந்த இடம் என்பது ஒரு கருத்து. விழிஞ்ஞம் பக்கம் தேடுபவர்களும் உண்டு. மெய்க்கீர்த்தியில் வரும் 'கலம்' கப்பலா, வேறு எதுவுமா என்ற சண்டையும் இன்னும் தீரவில்லை. தீர்ப்பு சொல்வது தம்பதியின் வேலை இல்லை. சந்தை இரைச்சலிலிருந்து சில நிமிட நடையில் அக்ரகாரத் தெருவின் அமைதிக்குப் போய்வரலாம். கட்டணம் எதுவும் இல்லை.

தமிழ் வாசகர்கள் இந்தத் தெருவைக் காலால் மிதிப்பதற்கு முன்பே கண்ணால் படித்திருக்கக்கூடும். 2021 ஜனவரியில் மறைந்த எழுத்தாளர் ஆ. மாதவன் சாலையில் பாத்திரக்கடை நடத்தியவர். கடையில் உட்கார்ந்தபடி பார்த்த சுமைக்காரர்களையும் உதிரி மனிதர்களையும்தான் அவர் 'கடைத்தெருக் கதைகள்' ஆக்கினார். 2015ல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. இதே நகரத்தை வைத்து நீல. பத்மநாபன் 'பள்ளிகொண்டபுரம்' எழுதினார். புறப்படுமுன் இரண்டில் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டால், வேறு கைடு தேவைப்படாது.

சும்மா நடப்பது என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் சும்மா கிடைத்ததும் அல்ல. திருவிதாங்கூரின் பொதுவழிகளில் தாழ்த்தப்பட்டவர்கள் நடக்கத் தடை இருந்த காலம் ஒன்று உண்டு. 1893ல் அந்தத் தடையை மீறி வெங்ஙானூர் அய்யங்காளி வில்லுவண்டி ஓட்டினார். கோயில் கதவுகள் திறக்க 1936 நவம்பர் 12 வரை ஆயிற்று. பக்கத்தில் இருப்பவர் யார் என்று பாராமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பேரம் பேசும் கூட்டத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமையை முழுதாகச் சாலைக்குக் கொடுப்பது நல்லது. ஞாயிறன்று பல கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு காலை பத்மநாப சுவாமி கோயில். ஆண்களுக்குச் சட்டையில்லாமல் வேட்டி, பெண்களுக்குச் சேலை. இரண்டையும் ஊரிலிருந்தே எடுத்துப்போனால் வாடகை வேட்டிக் காசு மிச்சம். கோயிலை ஒட்டி சுவாதித் திருநாள் கட்டிய குதிரை மாளிகை. கூரைத் தாங்கிகளாக 122 மரக் குதிரைகள். எதிரே பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி மேத்தன் மணி. மணி அடிக்கும்போது தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் கன்னத்தில் முட்டும். பெரியவர்களும் அடுத்த மணிக்காகக் காத்து நிற்கிறார்கள்.

பிற்பகலில் 1880ல் கட்டிய நேப்பியர் மியூசியம். திங்கட்கிழமை விடுமுறை என்பதால் வார இறுதிப் பயணமே இதற்குத் தோது. வெயில் தாழ்ந்ததும் சங்குமுகம் கடற்கரை. கானாயி குஞ்ஞிராமனின் பிரம்மாண்டமான கடற்கன்னி சிலை. திரும்பும் வழியில் பாளையம். மசூதியும் கதீட்ரலும் பிள்ளையார் கோயிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் இடம். கிறிஸ்துமஸுக்கான விளக்குகள் எரியத் தொடங்கியிருக்கும்.

மொத்தச் செலவு? ரயில், ஒரு இரவு அறை, காப்பி ஹவுஸ் சாப்பாடு, நகர பஸ், மியூசியம் டிக்கெட் எல்லாம் சேர்த்து நாலைந்தாயிரத்துக்குள் முடிக்கப் பார்க்கலாம். அதை மீறவைக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான், உருளி. "ஏங்க, இதைத் தூக்கிட்டுப் போயிடலாமில்ல?" என்று மனைவி கேட்கும்போது கணவர் வாயை மூடிக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது. வெண்கலம் எடைக்கு விலை. கனம் பார்த்து வாங்க வேண்டும்.

2021 டிசம்பரில் ஆக்குளத்தில் லுலு மால் திறந்தது. ஏசி, எஸ்கலேட்டர், கார் நிறுத்த இடம். சாலையில் இவை எதுவும் இல்லை. கார் நுழையவே திணறும் தெரு காரில் வருபவர்களை இழப்பது இயல்பு. அது பிழைத்திருப்பது நடந்து வருபவர்களால்; அரைக்கிலோ சிப்ஸ், இரண்டு முழம் பிச்சி, ஒரு காகித நட்சத்திரம் வாங்குபவர்களால். அந்த வகையில் குறைந்த பட்ஜெட் தம்பதி சாலைக்குச் சில்லறை வாடிக்கையாளர் அல்ல, முக்கிய வாடிக்கையாளர்.

ஞாயிறு இரவு ரயிலில் ஏறுகிற கூட்டத்தில் ஃபைலும் எக்ஸ்ரே கவருமாகச் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே, இடுக்கில் நசுங்காமல் ஒரு மடித்த நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு இருவர் உட்கார்ந்திருந்தால், யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்: "சாலையில வாங்குனதா? எவ்வளவு?"